"இனி வரண்டாம்" என்று அவர் சொன்னால்: வாசகர் கேள்வி – பதில்

சிறையில் இருக்கும் ஆண்களின் மனநிலை, தற்கொலை ஆபத்து, அதைத் தடுக்க வெளியில் இருப்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் செய்யக்கூடியவை பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். மனநல மருத்துவமும் சிறைச் சட்ட உதவியும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் ஊர் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

உங்கள் வீட்டு ஆள் இந்த நிமிடமே ஆபத்தில் இருக்கிறார் என்று தோன்றினால் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிறைக்குப் போன் செய்யுங்கள், அல்லது வாசலுக்கே போய்விடுங்கள். உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் அரசு மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

என் கணவர் கொத்தனார். தினமும் குடிப்பவர். சனிக்கிழமை ராத்திரி ஒரு அடிதடி வழக்கில் பிடித்து, ரிமாண்ட் செய்து நாகர்கோவில் சிறையில் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மனு போட்டுப் பார்த்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "எனக்க பிள்ளைகள நீ பாத்துக்கோ, இனி வரண்டாம்" என்றார். கோபத்தில் சொல்கிறார் என்கிறார் என் அண்ணன். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்தான் அதிகமாக நினைக்கிறேனா?
— வாசகி, தக்கலை

இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். உங்களுக்கு அன்றே போனில் பதில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக விரிவாக அச்சிடுகிறோம்.

இதில் ஆபத்து இரண்டு. முதலாவது, குடி திடீரென நின்றது. தினமும் குடிப்பவருக்குக் கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத ஆள் தெரிவதும் யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயமும் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரையே எடுக்கும். அந்தப் பயத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்பவர்களும் உண்டு. சனிக்கிழமை ராத்திரி பிடிபட்டவருக்குத் திங்கள் ராத்திரியும் செவ்வாயும்தான் மோசமான நேரம். சிறை மருத்துவர் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் "குடிப்பியா?" என்று வரிசையில் நிற்க வைத்துக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. அவர் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, அவர் சொன்ன வார்த்தை. பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, வர வேண்டாம் என்பது விடைபெறும் பேச்சு. சோப்பு, துண்டு, கைக்காசை மற்ற கைதிகளுக்குக் கொடுத்துவிடுவது, சாப்பிடாமல் இருப்பது, வக்கீலைப் பார்க்க மறுப்பது, இரண்டு நாள் தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது எல்லாம் இதே இனம்தான். அந்த அமைதியைப் பார்த்து "தேறிட்டான்" என்று வீட்டார் நிம்மதி அடைவதுதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

செய்ய வேண்டியது: வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாசலில் சொன்ன சொல் பணி மாறும்போது காணாமல் போய்விடும், தாள் கோப்பில் இருக்கும். சட்ட மொழியெல்லாம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"பெறுநர்: சிறைக் கண்காணிப்பாளர் / சிறை மருத்துவ அலுவலர். என் கணவர் (பெயர், தகப்பனார் பெயர், வயது, குற்ற எண், காவல் நிலையம்) இந்தத் தேதி முதல் இங்கே ரிமாண்டில் இருக்கிறார். தினமும் இவ்வளவு மது குடிப்பவர். கடைசியாகக் குடித்தது இந்தக் கிழமை, இந்த நேரம். இன்று நேர்காணலில் கை நடுக்கம் இருந்தது. 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள், இனி வராதே' என்றார். முன்பு ஒரு தடவை தற்கொலைக்கு முயன்றிருக்கிறார் / முயன்றதில்லை. அவர் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுகிறேன். உடனே மருத்துவர் பார்க்கவும், தனியாக வைக்காமல் இருக்கவும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டுகிறேன். என் கைப்பேசி எண் இது."

இரண்டு படி எடுத்து, ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் நேரமும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே தாளைப் படம் பிடித்து வக்கீலுக்கும், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் கொடுங்கள். சட்ட உதவி எண் 15100. வக்கீல் ரிமாண்ட் செய்த நீதித்துறை நடுவர் முன் ஒரு சிறு மனு போட்டு மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாம். இதற்கு முந்தைய வாய்ப்பும் ஒன்று உண்டு. ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் போலீஸார் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள். அந்த மருத்துவரிடமே குடியையும் பழைய முயற்சியையும் சொல்லிவிட்டால் அது சீட்டில் ஏறும், சீட்டு சிறைக்குப் போகும்.

அவர் வர வேண்டாம் என்றாலும் போங்கள். யாரும் பார்க்க வராத கைதிகளிடையே தற்கொலை அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நீளமாகப் பேச முடியாது. மூன்று விஷயம் போதும். வீட்டில் அடுத்து என்ன நடக்கிறது (மூத்தவளுக்கு வியாழக்கிழமை பரீட்சை), வழக்கில் அடுத்த தேதி எது, நான் மறுபடி எந்தக் கிழமை வருவேன். அப்படிச் சொன்ன கிழமையில் கட்டாயம் போய்விட வேண்டும். முடியாமல் போனால் சிறைத் தொலைபேசி வழியாகவோ வக்கீல் மூலமாகவோ தகவல் சேர வேண்டும். வருவதாகச் சொன்ன ஆள் வராத சாயங்காலம் உள்ளே இருப்பவருக்கு மிக நீளமானது. வேலை நாளில் வர முடியாதவர்கள் தேசியச் சிறைத் தகவல் தளத்தில் இ-முலாகாத் (கைதி சந்திப்பு) பகுதியில் முன்பதிவு செய்யலாம்.

சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பது ஆகாதா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

ஆகாது. இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் உருவாவதில்லை. பலருக்குப் பாரம்தான் குறைகிறது. எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். "அந்த மாதிரி முட்டாள்தனமா ஒண்ணும் யோசிக்கலியே?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதில் கேள்வியிலேயே இருக்கிறது. "இப்படி ஒரு நிலைமையில் இனி உசிரோட இருக்க வேண்டாம்னு பலருக்குத் தோணும். உனக்குத் தோணுதா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. நான் டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் ஆண்கள் "சாகணும்" என்று சொல்வது குறைவு. "மடுத்துப் போச்சு" (வெறுத்துவிட்டது), "நான் இருந்து என்ன கிடைக்க?", "ஊர்ல இனி எப்படித் தலை காட்ட?" என்பார்கள். அதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் சட்டம் படிக்கிறேன். சிறையில் தற்கொலை என்றால் ஆயுள் தண்டனை பெற்றவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். விசாரணைக் கைதிகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று பேராசிரியர் சொல்கிறார். ஏன்?
— வாசகர், மார்த்தாண்டம்

பேராசிரியர் சொல்வது சரி. ஆனால் இருவருக்கும் ஆபத்து உண்டு, வெவ்வேறு நேரத்தில். 2007-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிறைத் தற்கொலைத் தடுப்புக் கையேடு இரண்டு வகை ஆட்களைப் பிரித்துச் சொல்கிறது. விசாரணைக் கைதி இளைஞர், முதன்முறை கைதானவர், பெரும்பாலும் போதை தொடர்பான வழக்கு. அவருக்கு ஆபத்து முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும். தண்டனைக் கைதி சற்று வயதானவர், வன்முறைக் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர். அவருக்கு ஆபத்து சில வருடம் கழித்து, வெளியே உள்ள உறவுகள் ஒவ்வொன்றாக அறுந்த பிறகு.

இந்தியாவில் 2022 இறுதியில் சிறையிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 76 பேர். பெண்கள் நூற்றுக்கு 4 பேர்தான். அந்த ஒரு வருடத்தில் சிறைகளில் நடந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 159, அவற்றில் தற்கொலை 119. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு 2017 முதல் 2021 வரையான கணக்கை எடுத்தபோது இயற்கைக்கு மாறான 817 மரணங்களில் 660 தற்கொலை. சிறைக்குள் அடிதடியில் சாவார்கள் என்றுதான் வெளியே பேச்சு. உண்மையில் இயற்கைக்கு மாறாக இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் கையாலேயே போகிறார்கள்.

முதல் நாட்கள் ஏன்? குடியோ கஞ்சாவோ திடீரென நிற்கிறது. தூக்கம் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாது. எத்தனை நாள் உள்ளே என்றும் தெரியாது. தண்டனைக் கைதிக்கு ஒரு எண்ணாவது இருக்கிறது, ரிமாண்ட் கைதிக்கு அதுவும் இல்லை. இதோடு அவமானம். குடும்பத்துக்குள் நடந்த கொலை, குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு, ஊரே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிய வழக்கு என்றால் ஆபத்து இன்னும் கூடும். செய்தியில் படம் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பிறகு குறிப்பிட்ட சில நாட்களில் ஆபத்து திரும்ப ஏறும்: ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், குற்றப்பத்திரிகை கைக்கு வந்த நாள், தீர்ப்பு நாள், நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மாற்றப்பட்ட நாள், மனைவி விவாகரத்து நோட்டீஸ் அனுப்பிய நாள், வீட்டில் சாவு நடந்து போக முடியாத நாள். இவை முன்கூட்டியே தெரியக்கூடிய தேதிகள். யாராவது காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

பெங்களூரு மத்திய சிறையில் அங்குள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸின் மருத்துவர்கள் 5,024 பேரைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், போதைப் பழக்கத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல். போதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நாலில் ஒருவருக்கு மேல்.

சிறைக்காவலர் நான். ராத்திரிப் பணியில் ஆள் குறைவு. யார் உண்மையாகச் சாக நினைக்கிறார், யார் காரியம் சாதிக்க நாடகம் ஆடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று நடந்துவிட்டால் பழி எங்கள் மேல்தான் வருகிறது.
— ஊர், பெயர் வேண்டாம்

உங்கள் கேள்விக்கு நன்றி. எல்லோரையும்விட அதிகம் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள்.

முதலில் அந்தப் பிரிவினையை விடுங்கள். "நாடகம்" என்று எழுதி மூடிய கோப்புகளில் பின்னால் இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு தடவை தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர், காரணம் என்னவாக இருந்தாலும், மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆபத்தில் இருக்கிறார். செல் மாற்றம் கேட்பதற்காகத்தான் செய்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல் மாற்றத்துக்கு உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கடன், மிரட்டல், அல்லது பாலியல் தொல்லை.

சேர்க்கும்போது கேட்கும் கேள்விகள். எழுத்தர் மேசைக்கு எதிரே பத்துப் பேர் வரிசையில் நிற்க, சத்தமாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும். நான்கு அடி தள்ளி, மற்றவர்கள் காதில் விழாத இடம் போதும். கேட்க வேண்டியவை: முன்பு சிறை வந்ததுண்டா, மது அல்லது போதை கடைசியாக எப்போது, மனநல மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டா, குடும்பத்தில் யாராவது அப்படி இறந்தார்களா, அண்மையில் சாவோ பிரிவோ நடந்ததா, வெளியே யார் வருவார்கள், இப்போது சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. ஐந்து நிமிடம் ஆகும். இதை ஒரே ஒரு தடவை செய்துவிட்டு விடுவதுதான் வழக்கமான தவறு. முதல் நாள் அவர் போதையிலோ மரத்துப்போயோ இருப்பார். இரண்டாம் நாள் மறுபடி கேளுங்கள், ஒவ்வொரு வாய்தா முடிந்து திரும்பும்போதும் கேளுங்கள்.

எங்கே வைப்பது. பயந்து தனி செல்லில் அடைப்பது பழைய வழக்கம், ஆபத்தான வழக்கம். 27 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த கணக்கின்படி, தனி அறையில் இருப்பவர்களிடையே தற்கொலை வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு. நிதானமான, பேசக்கூடிய ஒருவரோடு வையுங்கள். துணைக்கு வைத்தவரை மட்டும் நம்பி நீங்கள் சுற்று வராமல் இருந்துவிடக் கூடாது. அவரும் தூங்குவார்.

கண்காணிப்பு. சாக நினைப்பதாகச் சொன்னவர், அல்லது இப்போதுதான் முயன்றவர் என்றால் கண் விலகாத காவல், ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த நிலையில் உள்ளவருக்கு 10 முதல் 15 நிமிடத்துக்குள் ஒரு தடவை. அந்த இடைவெளி ஒழுங்காக இருக்கக் கூடாது. சரியாகக் கால் மணிக்கு ஒருமுறை பூட்ஸ் சத்தம் கேட்டால் அதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். 9 நிமிடம், 14 நிமிடம், 6 நிமிடம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். பார்ப்பது என்றால் போர்வையைப் பார்ப்பதல்ல. மார்பு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். விழித்திருந்தால் ஒரு வார்த்தை பேசுங்கள். "தூக்கம் வரலியா, தண்ணி வேணுமா?" போதும். பார்த்த நேரத்தை அப்போதே எழுதுங்கள். பணி முடிவில் உட்கார்ந்து ஒரே பேனாவில் கால் மணிக்கொரு வரி எழுதிய நோட்டு நீதித்துறை விசாரணையில் ஒரு நிமிடம்கூட நிற்காது. கேமரா நல்லதுதான். ஆனால் திரையை யாரும் பார்க்காத நேரத்தில் அது பதிவு மட்டுமே செய்கிறது, ஓடி வருவதில்லை.

தகவல் எங்கே அறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான மரணங்களுக்குப் பின் விசாரித்தால் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். நீதிமன்றத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்த வழிக்காவல் போலீஸுக்கு ஜாமீன் தள்ளுபடியானது தெரியும். அவர் கைதியை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். வாசலில் "இன்னைக்கு கோர்ட்ல என்ன ஆச்சு?" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்குங்கள். போன் பேசிவிட்டு அழுதபடி வந்தவரைப் பார்த்த காவலர் அடுத்த பணிக்காரரிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு நோட்டு, அதில் "இன்று கவனிக்க வேண்டியவர்" என்று பெயரும் காரணமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சக கைதிகளுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், தேர்ந்தெடுத்த கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களை அடையாளம் காண வைக்கும் முறையையும், சேர்க்கையின்போதே மனநலப் பரிசோதனை செய்வதையும், மருத்துவ, நல அலுவலர் காலியிடங்களை நிரப்புவதையும் வலியுறுத்தியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது பிளாக்கில் அதிகாரம் செய்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

முயன்றவரைத் தண்டிப்பதும், "இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவதும் பயன் தராது. எழுதிக் கொடுத்தவர் மறுபடி முயலாமல் இருப்பார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, காவலரின் கவனத்தைத் தளர்த்துவதுதான் மிச்சம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115-ன்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இல்லை. ஆனால் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகத் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கும் 226-வது பிரிவு இருக்கிறது, சிறைக்குள் அதைப் பயன்படுத்தும் ஆசை வரும். ஒருவர் மீது வழக்குப் போட்டால் அடுத்த பத்துப் பேர் தங்கள் எண்ணத்தை மறைப்பார்கள். எங்கள் கருத்தில் அது எந்த உயிரையும் காக்கவில்லை.

கடைசியாக, சாவி. ராத்திரி ஒருவர் உயிருக்குப் போராடும்போது கதவைத் திறக்க யாரிடம் சாவி, அவர் வர எத்தனை நிமிடம்? மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடத்துக்குள் மூளை பாதிக்கத் தொடங்கும். இதை மாதம் ஒரு தடவை கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி எல்லாக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இறந்துவிட்டார் என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. அதுவரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

அறையின் கட்டமைப்பில் எவை ஆபத்து என்பதைப் பொதுப் பத்திரிகையில் விவரிக்க நாங்கள் விரும்பவில்லை. அதைக் கண்காணிப்பாளரும் பொதுப்பணித் துறையும் நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மரணத்தைப் பார்த்த காவலருக்கும் தூக்கம் போகும். 14416 உங்களுக்கும்தான்.

என் தம்பி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஆறு வருடமாக மனநல மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான். இப்போது சிறையில். மாத்திரை கிடைக்கிறதா என்றே தெரியவில்லை. சாப்பாட்டில் மறைத்துக் கொடுக்கலாமா?
— வாசகி, குலசேகரம்

மறைத்துக் கொடுக்க வேண்டாம். பிடிபட்டால் நேர்காணலே நின்றுவிடும், அவன் கையில் மாத்திரை சேர்ந்து கிடப்பதும் ஆபத்து. மருத்துவமனை ஓபி சீட்டின் நகல், மாத்திரை அட்டை, கடைசியாக எந்தத் தேதி வரை சாப்பிட்டான் என்ற குறிப்பு ஆகியவற்றைச் சிறை மருத்துவ அலுவலர் பெயருக்குக் கடிதத்தோடு கொடுங்கள். கொடுப்பவர் கண் முன்னாலேயே விழுங்க வைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையின் பெயர் முக்கியம். குளோசபின் என்றால் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். இது தெரியாமல் "விட்டதைச் சேர்த்துக் கொடுப்போம்" என்று செய்தால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். லித்தியம் திடீரென நின்றால் நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் ஏறும். வலிப்புக்கும் தரும் வால்ப்ரோயேட் போன்றவை நின்றால் வலிப்பு வரலாம். "அவனுக்கு ஏதோ நரம்பு மாத்திரை" என்று சொல்வதால் பயனில்லை.

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு மனநோய் உள்ள கைதிக்குச் சிகிச்சை தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மீது வைக்கிறது. சிறையில் வசதி இல்லையென்றால் மனநல மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். நடைமுறையில் தடுப்பது பெரும்பாலும் வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்காததுதான். இரண்டு தடவை தேதி தவறினால் காத்திருக்காமல் வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குங்கள்.

மகனுக்கு ஜாமீன் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. "வெளிய விட்டும் விடல" என்று சொல்லிச் சாப்பிட மாட்டேன் என்கிறான்.
— வாசகர், குளச்சல்

ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடப்பவர்களை நாங்கள் தனி ஆபத்துப் பிரிவாகவே பார்க்கிறோம். நம்பிக்கை வந்து, அது கண் முன்னாலேயே கருகுகிறது. சாப்பிடாததை முதல் பதிலில் சொன்னபடி எழுதிக் கொடுங்கள். வழக்குப் பக்கத்தில்: பிணை கிடைத்து 7 நாளுக்குள் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. நீங்களே செயலாளரைப் பாருங்கள். ஜாமீன் தொகையையும் நிபந்தனையையும் குறைக்க மனு போடலாம், சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்கு நிதியுதவி கிடைக்கும். போதைப்பொருள், ஊழல் போன்ற சில வழக்குகளுக்கு இல்லை.

ஜாமீனே கிடைக்காதவர்கள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 479-வது பிரிவைக் கேளுங்கள். முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம், மற்றவர்கள் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணைக்கு வழி உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. அந்தத் தேதியைக் கணக்கிட்டு மகனிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பவருக்கு ஒரு தேதி கிடைப்பதே பெரிது.

என் அண்ணன் வளைகுடாவில் மீன்பிடி படகில் போனவர். எல்லை தாண்டியதாகப் பிடித்து அங்கே சிறையில். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. போன வாரம் உடன் இருந்தவர் போன் செய்து, "ஆள் சரியில்ல, பேசறதே இல்ல" என்றார்.
— வாசகி, தூத்தூர்

அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகார் பதிவு செய்து, பாஸ்போர்ட் எண், படகு விவரம், சிறை இருக்கும் ஊர் ஆகியவற்றோடு "தற்கொலை ஆபத்து உள்ளதாக உடன் இருப்பவர் சொல்கிறார், தூதரக அதிகாரி நேரில் பார்க்க வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். 1963-ன் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு தூதரக அதிகாரி கைதியைச் சந்திக்க உரிமை தருகிறது. அதே மனுவை மாவட்ட ஆட்சியரிடமும் மீன்வளத் துறையிடமும் கொடுங்கள். போன் செய்தவரோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் குரலில் ஒரு செய்தியை அவர் வழியாகச் சேர்க்க முடியுமானால் சேருங்கள். மொழி தெரியாத சிறையில் தமிழ்க் குரல் கேட்பதே மருந்து.

சிறையில் மைத்துனர் இறந்துவிட்டார். தற்கொலை என்கிறார்கள். நாங்கள் என்ன கேட்கலாம்?
— வாசகர், பூதப்பாண்டி

உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். பி.என்.எஸ்.எஸ். 196-வது பிரிவின்படி நடுவர் விசாரணை நடக்க வேண்டும். உறவினர்களுக்குத் தெரிவித்து, விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கவும், அறிக்கை நகலும் கேளுங்கள். மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. நீங்கள் முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தால் அந்த நகலை நடுவரிடம் கொடுங்கள். அவருடைய பிள்ளைகளிடம் "வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். பள்ளியில் வேறு யாராவது சொல்வதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

கணவர் போன வாரம் வெளியே வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ரப்பர் வெட்டப் போக மாட்டேன் என்கிறார்.
— வாசகி, கருங்கல்

வெளியே வந்த முதல் சில வாரங்களும் ஆபத்துக் காலம்தான். உள்ளே இருந்தபோது வெளியே வருவது ஒன்றே இலக்கு. வந்த பிறகு வேலை இல்லை, கடன் அப்படியே, பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்பிக்கொள்கிறார். இன்னொன்று: பல மாதம் குடிக்காமல் இருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. பழைய கூட்டாளிகள் "வா, ஒரு ரவுண்டு" என்று கூட்டிப்போய்ப் பழையபடி ஊற்றினால் அன்றே உயிர் போகலாம். மாத்திரைப் போதை, ஊசிப் போதை என்றால் இன்னும் மோசம்.

வெளியே வந்த முதல் வாரத்துக்குள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஒரு தடவை கூட்டிப் போங்கள். "மனநல டாக்டர்" என்றால் வர மாட்டார் என்றால் "தூக்கத்துக்கு" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான். சிறை மருத்துவர் கொடுத்த சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து, களைக்கொல்லி, ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட் இருந்தால் சில மாதத்துக்கு உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஒரு காரியம் மட்டுமே பல உயிரைக் காத்திருக்கிறது.

பழைய தோட்டத்துக்கே உடனே போக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். விடிவதற்கு முன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு தனியாக மரம் மரமாக நடக்கும் வேலை, பேச்சுத்துணை இல்லாத வேலை. முதலில் ஒன்றிரண்டு மாதம் யாராவது கூட இருக்கும் வேலையாகப் பாருங்கள். அடுத்த வாய்தா தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், அதற்கு முந்தைய ராத்திரி அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.